ஈரப்பதம்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை.
தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வரிசை.
கரண்ட் போய் மின்விசிறி நின்றால்
பெஞ்சில் இருக்கும் நாங்கள் நாலு பேரும்
வெளியே கேட்போம்.
டிக். டிக்டிக். டிக்.
ஒன்றுக்கொன்று நேரம் ஒவ்வாத
கடிகாரக் கடை.

ராவியத்தம்மா அதைப் பல்லி என்று நினைத்தாராம்.
கூத்தாநல்லூர் திரும்பிய முதல் ராத்திரி
டார்ச் அடித்து மூலை மூலையாய்த் தேடி
கடைசியில் தன் மார்பிலேயே வெளிச்சத்தை நிறுத்தி
சிரித்துவிட்டாராம்.
"சிரிச்சதுல தையல் விண்ணுன்னு இழுத்துச்சு."

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.
ஆறாவது வாரம்.
தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது.
புரண்டு படுக்கக்கூடாது.
அந்தச் சத்தம் கேட்கும்வரைதான்
மங்களேஸ்வரி தூங்குகிறாள்.
நான் மூச்சை அடக்கிப் பார்த்தாலும்
விழித்துக்கொள்கிறாள்.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
கோணி ஊசி மூட்டையின் வாயைத் தைப்பதைப்
பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு
கண்ணாடியில் தெரியும் நெஞ்சு
புதிதாக இல்லை.
உள்ளே என்ன ரகம், என்ன எடை என்றுதான்
தெரியவில்லை.

மைக்கேல்பட்டி அமலோற்பவம் ஏழு வருஷத்துக்காரி.
புதிதாய் வருகிற யாருக்கும்
பழைய யூனிஃபார்ம் துணியில்
கையகலத் தலையணை ஒன்று தைத்துக் கொண்டுவருவாள்.
"இருமல் வந்தா இத நெஞ்சோட இறுக்குங்க.
கூச்சப்படாதீங்க. பிள்ளைய அணைக்கிற மாதிரி."
என்னுடையது நீலக் கட்டம்.
ஒரு பொத்தான் அப்படியே இருந்தது.

கீரையைப் பற்றிப் பேச்சு.
மாத்திரையைப் பாதியாக்க நகமா, பாக்குவெட்டியா என்று பேச்சு.
நடுவில் அந்த வடுவூர்க்காரர், பக்கிரிசாமி,
"ஃபுட் வால்வு போனா மோட்டார் சுத்தும், தண்ணி ஏறாது.
அவ்வளவுதான் சார் நம்ம கதை" என்றவர்,
என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மெதுவாகச் சொன்னார்:
"பத்தொன்பது."

எனக்குப் புரிந்துவிட்டது.
பதினேழுக்கு மேல் போனால் கை விரிப்பவன் நான்.
போன தை, காலம் தப்பிய மழை,
சாலை நெடுக டிராக்டர்கள்.
யாரை அனுப்பினேன், யாரை எடுத்தேன்,
முகங்கள் நினைவில் இல்லை.
மீட்டரின் முள்தான் இருக்கிறது.

"நாலு நாள் தார்ரோட்டுல காயப்போட்டுத் தள்ளினேன் சார்.
பத்தடிக்கு ஒருதரம் மூச்சு வாங்குச்சு.
பனி ஒத்துக்கலன்னு நெனச்சேன்."

நானும் பனி என்றுதான் நினைத்தேன்.
அதே தையில், அதே தார்ப்பாயின் கீழ்,
நாற்காலியை விட்டு எழாமல்
மற்றவர்களை நிற்கவைத்துப் பேசியது
அதிகாரத்தால் மட்டுமல்ல.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

சீட்டு வந்தது. ஒன்று புள்ளி எட்டு.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
நிற்கவேண்டிய எண்.
பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார்.
"ரத்தம் கெட்டியா இருக்காம். திருப்பி அனுப்பிட்டாங்களா?
போயி நல்லா ஈரமாக்கி எடுத்துட்டு வாங்க சார்,
அடுத்த செவ்வாக்கெழம பாக்கலாம்."

அமலோற்பவம் முதலில் வெடித்தாள்.
பிறகு ராவியத்தம்மா, முந்தானையால் வாயைப் பொத்தி.
நான் நீலக் கட்டத்தை
நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சிரித்தேன்.
வலித்தது.
வலித்துக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது.

சீட்டின் பின்பக்கம்
அவர் எண்ணை எழுதிக் கொடுத்தார்.
பட்டியலில் அவர் பேருக்கு எதிரே
நான் எழுதாமல் விட்ட கட்டம்
எந்த நிறத்தில் இருந்தது என்று
பேருந்தில் வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்வரை
யோசித்தேன்.

ராத்திரி இரண்டே முக்கால்.
விட்டு விட்டுத் துடிப்பது போலிருந்தது.
அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"போன நெஞ்சுமேல வைங்க" என்றார்.
வைத்தேன்.
"ம். ஓடுது. படுங்க."

அவர் வைக்கவில்லை.
மறுமுனையில் வயல் தவளைகள்,
நடவுக்கு விட்ட தண்ணீர்,
அதற்குள் எங்கோ
இன்னொரு டிக்.